ஆம்பளைக்கு நீர்க்கட்டியா?

பதினெட்டு வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். சொல்லின் பொருளை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைகளிடம் கத்திக் கத்தியே தொண்டை போனவன். அப்படிப்பட்ட என்னை ஒரு தமிழ்ச் சொல் ஏழு மாதம் ஏமாற்றியது. இதை எழுதச் சொன்னது என் மனைவி ஜெபா. "அழகா எழுதுறேன்னு உண்மையை மறைச்சிடாதீங்க" என்றும் சொல்லியிருக்கிறாள். தையல் பிரித்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதல் வலி காலாண்டுத் தேர்வு சமயத்தில் வந்தது. சேலையூரில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகுக்கு ஏறியது. சின்ன வயதிலிருந்தே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படி வரும். அம்மா ஓமவாட்டர் கொடுப்பாள், போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிழக்குத் தாம்பரத்தில் ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். ஜெபா சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவாள். அதனால் தனியாகவே போய் எடுத்துவந்தேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "கோலிடோகல் சிஸ்ட்னு போட்டிருக்காங்க சார்" என்றார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பேங்குக்குப் போனாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனாலும் "தமிழில் சொல்லுங்களேன்" என்பேன். அவரிடமும் அப்படியே கேட்டேன். வெளியே பத்துப் பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சிஸ்ட்டுன்னா... நீர்க்கட்டின்னு வெச்சுக்குங்க. பித்தக் குழாய்ல நீர்க்கட்டி. பெரிய ஆஸ்பத்திரில ஒரு சர்ஜனைப் பார்த்துடுங்க, விட்டுடாதீங்க."

அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சர்ஜனைப் பார்க்கச் சொன்னார், விட்டுவிடாதே என்றும் சொன்னார். என் காதில் நீர்க்கட்டி என்ற ஒரே வார்த்தைதான் விழுந்தது.

நீர்க்கட்டி என்றால் நம்மூரில் யாருக்குத் தெரியாது? ஜெபாவின் அக்காவுக்கு இருந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேருக்கு இருந்திருக்கிறது, அல்லது அவர்கள் பெண்களுக்கு இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகும், எடை கூடும், மாத்திரை சாப்பிட்டாலோ நடைப்பயிற்சி போனாலோ கரைந்துவிடும். பெண்கள் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொள்வது, ஆண்கள் காதில் விழாதது போல் பேப்பரைத் திருப்புவது. அந்தச் சமாச்சாரம் எனக்கு வந்திருக்கிறதாம். "என்ன தமிழய்யா, ஆம்பளைக்கு நீர்க்கட்டியா?" என்று எங்கள் பி.டி. மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரி சிரிப்பது எனக்கு அங்கேயே கேட்டுவிட்டது. பாவம், அந்த மனுஷனுக்கு இன்று வரை விஷயம் தெரியாது. சிரித்தது என் மண்டைக்குள் இருந்த பி.டி. மாஸ்டர்தான்.

வீட்டுக்கு வந்து ஜெபாவிடம் "கேஸ் டிரபிள்தானாம்" என்றேன். ரிப்போர்ட்டைப் பதினொன்றாம் வகுப்பு நோட்ஸ் கட்டுக்குள் செருகினேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்க் கழற்சிக்காய்ப் பொடி கேட்டேன். நீர்க்கட்டிக்குக் கழற்சிக்காய் என்பது ஜெபாவின் அக்கா வாயிலாக நான் அறிந்த ஞானம்.

கடைக்காரர், "யாருக்கு சார்?" என்றார்.

"வீட்ல."

"தலைக்குக் குளிச்ச மூணாம் நாள்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. காலையில வெறும் வயித்துல மோர்ல கலந்து. கசப்பா இருக்கும், அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெபா பஸ் ஏறிய பிறகு தினமும் மோரில் கலந்து நானே பொறுத்துக்கொண்டேன். ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. மண்டலக் கணக்கு வைத்து மருந்து சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் திருவிருந்து எடுத்தவன் எங்கள் சபையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வலி போய்விட்டது. கரைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்த நோயில் வலி தானாகவே வரும், தானாகவே போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாமில் எனக்குக் குளிர் எடுத்தது. மற்றவர்கள் வேர்த்து வழிந்துகொண்டிருக்க நான் மட்டும் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். பக்கத்து மேசை டீச்சர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சார், கண்ணு மஞ்சளா இருக்கே" என்றார். ஜெபா சிறுசேரியிலிருந்து ஓடி வந்தாள். அம்மா முடிச்சூரில் என் தம்பி வீட்டிலிருந்து கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"அத்தை, அதைத் தண்ணில போட்டு வைங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜெபா என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனாள். அதே கிழக்குத் தாம்பரம், அதே ஸ்கேன் சென்டர். வேறு இடம் போகலாம் என்று நான் முனகியது எடுபடவில்லை.

வயிற்றில் ஜெல்லைத் தடவிவிட்டு ஸ்கேன் எடுக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சார், நீங்க ஏழு மாசம் முன்னாடி நம்மகிட்டயே எடுத்திருக்கீங்களே. இதே சிஸ்ட் அப்பவே இருந்திருக்கு. பழைய ரிப்போர்ட் கொண்டுவரலையா?"

ஜெபா என்னைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு, வயிறெல்லாம் ஜெல்லோடு படுத்திருப்பவன் எங்கே ஓடுவான். கூரையைப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டிஷ்யூ பேப்பர் எடுத்து வயிற்றைத் துடைத்துவிட்டாள். கேட்டிருந்தால் எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். பித்தம் அடைத்து அதில் கிருமி சேர்ந்திருக்கிறது, முதலில் காய்ச்சல் அடங்க வேண்டும் என்று டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்க வைத்துப் பித்தம் போகும் பாதையை மட்டும் படம் எடுத்தார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. சொன்ன நேரத்துக்கு மூச்சை அடக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே சத்தம் மட்டும் தாங்காது. என் பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுத்த மாதம் ஞாபகம் வந்தது.

சர்ஜன் என் வயதுப் பெண்மணி. கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் ஃபாரத்தின் பின்பக்கம் படம் போட்டார்.

"இது கல்லீரல். இதுலேர்ந்து பித்தம் இந்தக் குழாய் வழியா குடலுக்குப் போகணும். பென்சில் தடிமன்கூட இருக்காது. உங்களுக்கு இது கத்தரிக்காய் சைஸுக்கு ஊதியிருக்கு."

"இந்த நீர்க்கட்டி..." என்று ஆரம்பித்தேன்.

"யார் சொன்னது நீர்க்கட்டின்னு? கட்டியே இல்ல சார் இது. கட்டின்னா தனியா ஒரு மூலையில உட்கார்ந்திருக்கும். இது உங்க பித்தம் தினமும் போற வழி. பொறக்கும்போதே இப்படித்தான் பொறந்திருக்கீங்க."

ஜெபா நோட்டும் பேனாவுமாக நின்றாள். ஆபீசில் எப்படியோ, அன்று அவள் கேட்ட கேள்விகளுக்கு அந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். கணையத்திலிருந்து வரும் குழாயும் பித்தக் குழாயும் குடல் சுவரில் சேர வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு அதற்கு முன்னாலேயே, மேலேயே சேர்ந்துவிடுகின்றன. அதனால் சோற்றைக் கரைக்க வேண்டிய கணைய நீர் பித்தக் குழாய்க்குள் ஏறி, அதன் உள்தோலை அரிக்கிறது. தோல் புண்ணாகி ஆறும், மறுபடி புண்ணாகும். நாற்பது வருடம் இப்படியே நடந்தால் அந்தத் தோலில் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

"தானா கரையாதா டாக்டர்?" என்று கேட்டேன். கழற்சிக்காயை மனதில் வைத்துத்தான்.

"குழாய் எப்படிச் சார் கரையும்? முழுசா எடுத்துடணும். பித்தப்பையையும் சேர்த்து. குடல்ல ஒரு பகுதியைத் தூக்கிக் கொண்டுவந்து கல்லீரல்கிட்ட நேரா தைச்சிடுவோம்." பிறகு ஜெபாவைப் பார்த்தார். "ஒரு இடத்துல சுவர் தடிப்பா தெரியுது. வெறும் புண்ணா இருக்கலாம். ஏற்கெனவே கேன்சரா மாறியிருக்கலாம். எடுத்து பயாப்ஸி பார்த்தாத்தான் தெரியும். எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"ஏழு மாசம்" என்றாள் ஜெபா. 'அவருக்கு' என்று அவள் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். சாவைப் பற்றிய பயம் இல்லை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், அதுவும் இருந்தது. ஆனால் 'ஏழு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்' என்று அந்த டாக்டர் ஜெபாவிடம் சொல்வதும், அவள் அதை நோட்டில் எழுதிக்கொள்வதும்தான் கண்ணை மூடினால் வந்தது.

அம்மாவுக்குப் 'பொறக்கும்போதே' என்ற வார்த்தை மாட்டிக்கொண்டது. மறுநாள் சர்ஜன் வந்தபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆறாம் மாசத்துல பஸ்ஸுல ஏறும்போது விழுந்துட்டேன் டாக்டரம்மா. அதனாலயா?"

சர்ஜன் அவள் கையைப் பிடித்து, "நீங்க விழுந்தாலும் எந்திரிச்சாலும் இது இப்படித்தான் வந்திருக்கும்மா. யார் தப்பும் இல்ல" என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம், "பத்து நாள் கழிச்சுத்தான் உங்கப்பாகிட்டயே சொன்னேன். திட்டுவாருன்னு" என்றாள். மறைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்று தெரிந்தது. சொன்னால் அதற்கும் அழுவாள் என்று சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்காக ஒருவர் படுத்திருந்தார். கோவளத்துக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி செல்வி மீன் விற்கிறவர். வந்த அரை மணி நேரத்தில் வார்டு முழுக்க அவருக்குச் சொந்தம் ஆகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு தையலில் பித்தம் கசியலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனதும், நான் அதை என்னவோ குழாய் ஒழுகுகிற மாதிரி லேசாக எடுத்துக்கொண்டேன்.

செல்வி விடவில்லை. "இன்னா சார் நீ, பித்தம்னா சும்மாவா? மீன் அறுக்கச் சொல்லோ அந்தப் பச்சைப் பை ஒடஞ்சிச்சினா மொத்த மீனும் கசந்து பூடும். கழுவுனாலும் போவாது. அதுக்குத்தான் டியூப்பு வெக்கிறாங்கோ. அத்த இழுத்து கிழுத்து வெக்காத."

புத்தகத்தில் இல்லாத உடற்கூறியல். டியூப் வைத்த பிறகு நான் அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

கழற்சிக்காய் விவகாரமும் செல்வி முன்னிலையில்தான் உடைந்தது. வேறு என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள், ஆபரேஷனுக்கு முன் தெரிந்தாக வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அந்த டாக்டர் வடக்கத்திக்காரர், அவருக்குப் புரியவில்லை. ஜெபாதான் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்க்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டர் போனதும் செல்வி, "அக்கா, எங்க வூட்டுக்காரரே தேவலாம் போல கீது. அது வலிய மட்டுந்தான் மறைச்சிச்சு. இவரு மருந்தையும்ல மறைச்சிகினு கீறாரு" என்றார். அவர் கணவர் போர்வைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஜெபாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எழுந்து வராண்டாவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்ததாம். எனக்கு அது ஒரு நிமிடம்கூட இல்லை. விழித்தபோது வலது விலாவுக்குக் கீழே குறுக்காக நெருப்பு, மூக்கில் ஒரு டியூப், வயிற்றிலிருந்து ஒரு டியூப். நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் ஒரு மூடித் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். பாட்டில் மூடியைத்தான் சொல்கிறேன். ஜெபா ஊற்றிக் கொடுத்தாள். அவ்வளவு ருசியாக எதையும் நான் குடித்ததில்லை.

ஜெபா செய்ததையெல்லாம் எழுதினால் அடித்துவிடச் சொல்வாள். இரண்டு மட்டும் எழுதுகிறேன். லேப்டாப்பை மடியில் வைத்து ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டே, இன்னொரு கையால் டியூப் பையில் வந்த பித்தத்தின் நிறத்தைப் பார்த்து மணிக்கு மணி குறித்தாள். அப்புறம் என் மாணவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை எழுத்துப்பிழையோடு அப்படியே வாசித்துக் காட்டுவாள். "விரைவில் குனமடைய பிராத்திக்கிறோம் ஐயா" என்று டண்ணகரமும் இல்லாமல் 'ர்'ரும் இல்லாமல் வரும். நான் திருத்த வாயைத் திறப்பேன், தையல் இழுக்கும், அவள் அடுத்ததை வாசிப்பாள். இத்தனையும் செய்தாள், அந்த ஏழு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லைப் பற்றி எழுதினால் மறுபடி வலிக்கும், விட்டுவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி வர இன்னும் ஒரு வாரம் என்றார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் 'ரிப்போர்ட்' என்ற சொல்லைச் சொல்லவில்லை. அம்மா மட்டும் கஞ்சியை வடித்து வடித்துக் கொடுத்தாள்.

சர்ஜன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். எங்களுக்காக இல்லை, அவருக்காக.

"கேன்சர் இல்ல."

நான் மூச்சு விட்டேன். ஜெபா விடவில்லை. "அப்புறம்?" என்றாள்.

"ஒரு இடத்துல செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. கேன்சர் ஆகறதுக்கு முந்தின படி. வெட்டின ஓரம் ரெண்டுமே சுத்தமா இருக்கு, மாறின இடம் முழுசும் வெளிய வந்துடுச்சு."

வாத்தியார் வெளியே போன வகுப்பில் பிள்ளைகள் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்கள், கதவைத் தாண்டவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். ஆபத்து மொத்தமும் போய்விடவில்லை என்பதையும் டாக்டர் சொன்னார். கணையத்துக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் பழைய குழாயின் சின்ன நுனிகள் இருக்கின்றன. அதனால் ஆயுசுக்கும் வருடா வருடம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். காய்ச்சலோ மஞ்சளோ வந்தால் அன்றைக்கே வர வேண்டும்.

"இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா?" என்று ஜெபா கேட்டாள்.

"அதை என்கிட்ட கேட்காதீங்க" என்றார் டாக்டர்.

ஜெபாதான் கார் ஓட்டினாள். மேடவாக்கம் சிக்னலில் நின்றபோது முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "அந்த ஏழு மாசம் பயந்தீங்களா?"

பொய் சொல்ல அது இடம் இல்லை. "இல்ல ஜெபா. வெட்கமா இருந்துச்சு."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுக்கவில்லை.

"பயந்திருந்தீங்கன்னா எனக்கு இவ்ளோ கோவம் வராது. ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டா என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் பார்த்தீங்க?"

அவள் கையைப் பிடித்தேன். கியரைப் போட வேண்டியிருந்ததால் உதறிவிட்டு வண்டியை எடுத்தாள். சேலையூர் தாண்டும்போது அவளே மறுபடி பேசினாள். "சபையில சாட்சி சொல்லணும் நீங்க. 'வயித்துல சின்ன ஆபரேஷன், கர்த்தர் கூட இருந்தார்'னு மழுப்பக் கூடாது. அந்த வார்த்தையோட சொல்லணும்."

எங்கள் சபையில் நோய் தீர்ந்து வந்தவர்கள் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். கண்ணீர் வரும்படி சொல்கிறவர்கள் உண்டு. நான் மைக்கைப் பிடித்து, "எனக்கு நீர்க்கட்டி என்று சொன்னார்கள்" என்று ஆரம்பித்ததும் பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. நாட்டு மருந்துக் கடையும் மோரும் வந்தபோது கோயிலே சிரித்தது. போதகர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பயாப்ஸியைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வெட்கப்பட்டேன், அதுதான் என் பாவம் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். பலர் கை கொடுத்தார்கள். எல்லோரும் நகரும்வரை வேப்பமரத்தடியில் சாலமோன் அண்ணன் காத்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பாடகர் குழுவில் கனத்த குரலுக்கு அவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணு இருக்கு. கிறிஸ்துமஸ்க்கு முன்னாடி இருந்து." என் கையை எடுத்துச் சட்டை மேல், இடது மார்பில் வைத்து அழுத்தினார். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. "பொம்பளைங்களுக்கு வர்றதாச்சேப்பா இது. யார்கிட்ட போய்ச் சொல்ல? ரூத்துக்குக்கூடத் தெரியாது."

என் பின்னால் கார் சாவியோடு வந்து நின்ற ஜெபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அண்ணனின் மனைவி ரூத் அக்கா எதிரே பெண்கள் ஐக்கிய சங்க மேசையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, டீயை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு இங்க வாங்க" என்று ஜெபா கூப்பிட்டாள்.

வேண்டாம் வேண்டாம் என்று அண்ணன் தலையை ஆட்டினார். ஆனால் மார்பில் வைத்த என் கையை அவர் விடவில்லை. ரூத் அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி எங்களை நோக்கி வந்தார்.